அப்பாவின் கழுத்து ஏன் இழுக்கிறது? மூச்சு விட வைக்கும் தசைகள் பற்றி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 68 வயது. நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவர், விட்டு ஆறு வருடம் ஆகிறது. சீஓபிடி, அதாவது நுரையீரலின் காற்றுக் குழாய்கள் நாட்பட அடைபடுகிற நோய் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். மூன்றாம் மாடிக்கு ஏறி வந்ததும் சாப்பாட்டு மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் குனிந்து இருந்துவிடுகிறாராம். கழுத்தில் இரண்டு பக்கமும் கயிறு மாதிரிப் புடைக்கிறதாம். "அப்பா, நிமிர்ந்து இருங்கோ, வயிற்றால மூச்சு எடுங்கோ" என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். ஓ.எல். படிக்கிற மகனோ, மூச்சுக்கு நெஞ்சுக்கு அடியில் இருக்கிற பிரிமென்றகடும் விலாக்களுக்கு இடையே இருக்கிற பழுவிடைத் தசைகளும்தான் என்று விஞ்ஞானப் புத்தகத்தைக் காட்டுகிறான். அப்படியானால் கழுத்துக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, முதலில் ஒன்று. அப்பாவை அந்த மேசையிலிருந்து நிமிர்த்த வேண்டாம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவருடைய உடம்பு சரியான வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. கொழும்பில் இருபது வருடத்துக்கு மேலாக நெஞ்சு நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். வீட்டுக்காரர் அன்போடு சொல்லி நோயாளியைக் கஷ்டப்படுத்துகிற அறிவுரைகளில் இந்த "நிமிர்ந்து இருங்கோ"வுக்குத்தான் முதலிடம். ஏன் என்று விளங்க, ஆரோக்கியமான மூச்சு எப்படி நடக்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

நுரையீரலுக்கு, எங்கள் புத்தகத்தில் சுவாசப்பை என்று இருக்குமே, அதற்குத் தானாக விரியத் தெரியாது. காற்றை உள்ளே இழுக்கிற தசை எதுவும் அதற்குள் இல்லை. அது ஒரு பஞ்சு மாதிரி. விட்டால் சுருங்கத்தான் பார்க்கும். அதைச் சுற்றியிருக்கிற நெஞ்சுக்கூட்டைத் தசைகள் பெருக்கினால், உள்ளே அழுத்தம் கொஞ்சம் குறைகிறது, வெளிக்காற்று தானே உள்ளே வருகிறது. ஊசி மருந்து ஏற்றுகிற சிரிஞ்சில் தண்டைப் பின்னுக்கு இழுத்தால் மருந்து ஏறுவது போலத்தான். சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ அரை லீற்றர் காற்று, நிமிடத்துக்குப் 12 முதல் 16 தடவை. ஒரு நாளைக்குக் கணக்குப் பார்த்தால் இருபதாயிரம் தடவையை ஒட்டி வரும். இத்தனையும் தசை செய்கிற வேலை.

இதில் பெரும் பங்கு பிரிமென்றகட்டுக்கு. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் உதரவிதானம் என்று பார்த்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த சட்டி மாதிரி நிற்கிற மெல்லிய தசை. விளிம்பு கீழ் விலா எலும்புகளிலும், முன்னால் நெஞ்செலும்பின் நுனியிலும், பின்னால் நாரிப்பக்க முள்ளெலும்புகளிலும் பிடித்திருக்கும். கீழே ஈரல் இருப்பதால் வலப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அது சுருங்கும்போது கவிழ்த்த சட்டியின் உச்சி கீழே இறங்குகிறது. சாதாரண மூச்சில் ஒன்றிரண்டு சென்றிமீற்றர்தான் இறங்கும். நன்றாக இழுத்தால் ஏழெட்டு சென்றிமீற்றர்கூட இறங்கும். இறங்குகிற உச்சி குடலையும் ஈரலையும் கீழே அழுத்துவதால்தான் வயிறு முன்னே வருகிறது. "வயிற்றால் மூச்சு எடுப்பது" என்று யோகா வகுப்பில் சொல்வதும் இதைத்தான். வயிற்றுக்குள் காற்று போவதில்லை.

இந்தத் தசையின் இன்னொரு வேலையைப் பலர் கவனிப்பதில்லை. விளிம்பு கீழ் விலாக்களோடு நேராக மேல்நோக்கி ஒட்டி நிற்பதால், அது சுருங்கும்போது அந்த விலாக்களை மேலேயும் வெளியேயும் தூக்கிவிடுகிறது. வாளியின் கைப்பிடியைப் பக்கவாட்டில் தூக்குவது போல. அப்பாவின் விஷயத்தில் இதுதான் முக்கியம், அதற்குத் திரும்பி வருகிறேன்.

அடுத்தது பழுவிடைத் தசைகள். ஒவ்வொரு பக்கமும் பதினொரு இடைவெளி, ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகத் தசை. வெளி அடுக்கின் நார்கள், காற்சட்டைப் பொக்கெற்றுக்குள் கை விடுகிற திசையில், முன்னும் கீழுமாக ஓடும். உள் அடுக்கு அதற்கு எதிர்த் திசை. வெளி அடுக்கு விலாவைத் தூக்கி மூச்சை உள்ளே எடுக்க, உள் அடுக்கு விலாவை இறக்கி வெளியே விட என்று புத்தகத்தில் இருக்கும். பெரும்பாலும் சரி. ஆனால் நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் இருக்கிற உள் அடுக்குப் பகுதியும் தூக்குகிற பக்கம்தான் சேர்ந்திருக்கிறது. தூக்குவதற்கு மேலாக இவை செய்கிற ஒரு வேலை, விலாக்களுக்கு இடையே இருக்கிற சதையை விறைப்பாகப் பிடித்து வைப்பது. இல்லாவிட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுச் சுவர் உள்ளே குழிந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்த்த ஒரு நாள் எனக்கு மறக்காது. பலாமரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்த ஒரு இளைஞர். கழுத்துக்குக் கீழே நெஞ்சும் வயிறும் முழுக்கச் செயலிழந்திருந்தன. ஆனால் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. காரணம், பிரிமென்றகட்டுக்குப் போகிற நரம்பு நெஞ்சிலிருந்து புறப்படுவதில்லை. கழுத்தில், மூன்றாம் நான்காம் ஐந்தாம் நரம்புகளிலிருந்து இறங்கி வருகிறது. கருவில் அந்தத் தசை கழுத்துப் பக்கம் உருவாகிப் பிறகு கீழே இறங்கும்போது தன் நரம்பையும் கூடவே இழுத்து வந்தது. அவருக்கு அடி அதற்குக் கீழே பட்டிருந்ததால் பிரிமென்றகடு தப்பிவிட்டது. மூச்சு எடுக்கும்போது வயிறு எழும்பும், அதே நேரம் மேல் நெஞ்சு உள்ளே குழியும். பழுவிடைத் தசைகள் அதுவரை சத்தமில்லாமல் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தன என்பது அங்கே தெரிந்தது.

இன்னொரு விஷயம். அவரைக் கதிரையில் நிமிர்த்தி இருத்தினால் மூச்சு மோசமாகும், படுக்க வைத்தால் சுகமாகும். மூச்சு முட்டினால் எழுப்பி இருத்து என்றுதான் நாங்கள் எல்லாரும் பழகியிருக்கிறோம். ஆனால் அவருக்கு வயிற்றுத் தசைகள் தளர்ந்து போனதால், எழுந்திருக்கும்போது வயிறு முன்னே சரிந்து, பிரிமென்றகடு கீழேயே தங்கிவிடும். ஏற்கெனவே இறங்கிவிட்ட தசைக்கு மேற்கொண்டு இறங்க இடமில்லை. வயிற்றைச் சுற்றி அகலமான பட்டி கட்டி இருத்தியதும் மூச்சு சீரானது. மூச்சைப் பற்றிய என்னுடைய பாதி அறிவு அந்தப் பட்டியிலிருந்து வந்தது என்று சொல்வேன். வயிற்றுத் தசை மூச்சை வெளியே விடுவதற்கு மட்டும் இல்லை. அடுத்த மூச்சுக்குப் பிரிமென்றகட்டை மேலே தள்ளித் தயார் செய்து கொடுப்பதும் அதுதான்.

சரி, கழுத்துக்கு வருவோம். மகனிடம் சொல்லுங்கள்: புத்தகம் பிழை இல்லை, சுருக்கம். கழுத்தில் இரண்டு கூட்டம் தசைகளைப் பார்க்க வேண்டும். ஒன்று ஸ்கேலீன் தசைகள். கழுத்து முள்ளெலும்புகளிலிருந்து முதல் இரண்டு விலாக்களுக்கு இறங்கும் மூன்று தசைகள். காறை எலும்புக்கு மேலே இருக்கிற குழியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, பூவை மோந்து பார்ப்பது போல மூக்கால் சடாரென்று ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள். விரலுக்குக் கீழே ஒன்று துடித்து இறுகும். அதுதான். முன்பெல்லாம் இவற்றை உதவிக்கு வருகிற தசைகள் என்றுதான் எழுதினார்கள். ஆனால் தசையின் மின்னோட்டத்தை அளந்து பார்த்தபோது, சும்மா இருக்கும்போது எடுக்கிற மூச்சிலேயே இவை வேலை செய்வது தெரிந்தது. மேல் விலாக்களைக் கீழே சரிய விடாமல் பிடித்து, கொஞ்சம் தூக்கியும் கொடுக்கின்றன.

இரண்டாவது, காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு மேட்டிலிருந்து சரிந்து, நெஞ்செலும்புக்கும் காறை எலும்புக்கும் வந்து சேர்கிற பெரிய தசை. ஸ்டேர்னோகிளைடோமாஸ்டொயிட் என்று நீளமான பெயர். தலையைத் திருப்பினால் கண்ணாடியில் தெரியும். அப்பாவுக்குக் கயிறு மாதிரிப் புடைப்பது இதுதான். ஆரோக்கியமான ஒருவர் சும்மா இருக்கும்போது இது மூச்சுக்காகச் சுருங்காது. காலிமுகத்திடலில் ஓடி முடித்து நிற்கிற ஒருவருக்குச் சுருங்கும். மேசையில் இருக்கிற ஒருவருக்குச் சுருங்கினால், அவருடைய பிரதான தசை தனியாகச் சமாளிக்க முடியாமல் திணறுகிறது, ஆள் தேவைப்படுகிறது என்று அர்த்தம். ஆகவே கழுத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அது உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர்.

ஏன் திணறுகிறது? சீஓபிடியில் பிரச்சினை தொடங்குவது காற்றை உள்ளே எடுப்பதில் இல்லை, வெளியே விடுவதில். ஆரோக்கியமான உடம்பில், சும்மா இருக்கும்போது மூச்சை விடுவதற்குத் தசையே வேண்டாம். ஊதிய பலூனின் வாயை விட்டால் காற்றுப் போவது போல, விரிந்த நுரையீரல் தானே சுருங்கித் தள்ளிவிடும். பல வருடப் புகையால் அந்த மீள் சக்தி தளர்ந்து, சின்னக் காற்றுக் குழாய்கள் மூச்சு விடும்போது மூடிக்கொள்கின்றன. விட வேண்டிய காற்றில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேல் அடுத்த மூச்சு. இப்படியே நெஞ்சு ஊதிப் பீப்பாய் மாதிரி ஆகிறது. ஊதிய நுரையீரல் மேலிருந்து அழுத்த, கவிழ்த்த சட்டி தட்டையான தட்டாகிவிடுகிறது.

தசை ஒன்று பலமாகச் சுருங்க வேண்டுமானால், தொடங்கும்போது அதற்குப் போதுமான நீளம் இருக்க வேண்டும். ஏற்கெனவே குறுகித் தட்டையாகிவிட்ட தசையிடம் என்ன மிச்சம்? இறங்கவும் இடமில்லை, பலமும் இல்லை. இன்னும் மோசம், கீழ் விலாக்களைத் தூக்க வேண்டிய நார்கள் இப்போது படுத்த வாக்கில் நிற்கின்றன. சுருங்கினால் அவை விலாவை உள்ளேதான் இழுக்கும். மூச்சை எடுக்கும்போது அப்பாவின் கீழ் விலாக்களின் ஓரம் வெளியே விரிவதற்குப் பதிலாக உள்ளே போகிறதா என்று பெனியன் இல்லாத நேரம் பாருங்கள். 1920இல் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் ஹூவர் இதைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் வைத்தியசாலையில் ஹூவர் அறிகுறி என்றே சொல்கிறோம்.

இப்போது மேசை. முழங்கைகளை ஊன்றிக் குனியும்போது இரண்டு நன்மை. வயிறு உள்ளே அழுந்தி, தட்டையான பிரிமென்றகட்டை மேலே தள்ளிக் கொஞ்சம் குவிய வைக்கிறது. தசைக்கு இழந்த நீளத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. அந்த இளைஞருக்குப் பட்டி செய்த வேலையை அப்பாவுக்குக் குனிவது செய்கிறது. அடுத்தது கை. நெஞ்சின் முன்னால் இருக்கிற பெரிய தசைகள் சாதாரணமாக நெஞ்சை ஊன்றுகோலாக வைத்துக் கையை இழுக்கும். கை மேசையில் அசையாமல் ஊன்றிவிட்டால் அதே தசைகள் மறுபக்கம் இழுக்கும், கைக்குப் பதிலாக விலா எழும்பும். ஓடி முடித்த பிள்ளைகள் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பதும் இதற்காகத்தான்.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். அப்பாவுக்குப் படியேறுவதைவிட, பல்கனியில் கொடியில் உடுப்புப் போடுவதோ தலைக்குச் சம்பூ போடுவதோ கஷ்டமாக இருக்கலாம். இவ்வளவு சின்ன வேலைக்கு ஏன் இளைக்கிறது என்று வீட்டில் நினைப்பார்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கியதும், மூச்சுக்கு உதவிக்கொண்டிருந்த தோள் தசைகள் கையைத் தாங்கப் போய்விடுகின்றன. ஏற்கெனவே ஆள் பற்றாக்குறையான இடத்திலிருந்து ஆளை எடுத்தது மாதிரி. அதனால் சவரம் செய்யும்போது கதிரையில் இருந்து முழங்கையைப் பேசினில் ஊன்றச் சொல்லுங்கள். உடுப்புக் கொடியை நெஞ்சு உயரத்துக்கு இறக்குங்கள். தைலமும் மசாஜும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது சின்னதாகத் தெரியும். எனக்கு இது பெரிய சிகிச்சை.

சாப்பாடும் இதே கதைதான். நல்ல உடம்புக்குச் சும்மா இருக்கும்போது மூச்சுத் தசைகளுக்குச் செலவாவது, உடல் எடுக்கிற ஒட்சிசனில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு. இந்த நோயில் அது பல மடங்காகிறது. மெலிந்துபோகிற நோயாளிகள் ஒழுங்காகச் சாப்பிடாததால் மட்டும் மெலிவதில்லை. நாள் முழுக்க ஓடுகிறவர் மாதிரி அவர்களுடைய நெஞ்சு உழைக்கிறது. ஆனால் ஒரே தடவையில் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால், நிறைந்த வயிறு பிரிமென்றகட்டுக்குத் தடையாக நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுங்கள்.

"வயிற்றால மூச்சு எடுங்கோ" என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதற்றத்தில் மேல் நெஞ்சால் வேகமாக மூச்சு விடுகிற ஒரு இளம் ஆளுக்கு அது நல்ல பயிற்சி. ஒப்பரேஷன் முடிந்து வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவருக்கும் நல்லது. ஆனால் பிரிமென்றகடு தட்டையாகிப்போன ஒருவரிடம், கழுத்தை விடு வயிற்றை மட்டும் அசை என்று கட்டாயப்படுத்தினால், முடியாத தசையிடம் வேலையைத் தள்ளி முடிகிற தசையைத் தடுக்கிறோம். பலருக்கு இளைப்புக் கூடியதை நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக உதட்டைக் குவித்து விடச் சொல்லிக் கொடுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும் வரை எடுத்து, சூடான தேத்தண்ணியை ஆற்றுவது போல மெதுவாக நான்கு எண்ணும் வரை ஊத வேண்டும். குவிந்த உதடு வாசலில் கொஞ்சம் தடுப்பதால் உள்ளே அழுத்தம் நின்று, சின்னக் குழாய்கள் சீக்கிரம் மூடாமல் திறந்திருக்கும். தங்கியிருந்த காற்றில் கூடுதலாக ஒரு பங்கு வெளியே போகும். காற்றுக் குறைந்தால் சட்டி கொஞ்சம் குவியும். வழி சுற்றுத்தான், ஆனால் பிரிமென்றகட்டுக்கு உண்மையான உதவி இதுதான்.

மூச்சை வெளியே தள்ளுகிற தசைகள், அதாவது முன் வயிற்றின் நெடுக்குத் தசையும், பக்கவாட்டில் சரிந்தும் குறுக்காகவும் ஓடுகிறவையும், இருமலுக்கு முக்கியம். ஒரு இருமலில் முதலில் ஆழமாக ஒரு மூச்சு, பிறகு குரல்வளை ஒரு கணம் மூடும், அதற்குள் வயிற்றுத் தசை இறுகி அழுத்தம் ஏறும், குரல்வளை திறந்ததும் காற்றுச் சீறிச் சளியை அடித்துக்கொண்டு வரும். வயிறு ஒப்பரேஷன் செய்தவர்களுக்குத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்வது இதற்காக. ஆனால் அப்பாவின் நோயில், வயிற்றை இறுக்கி முழுப் பலத்தோடு தள்ளினால் அந்தத் தளர்ந்த குழாய்கள் நசுங்கிச் சளி உள்ளேயே நிற்கும். தொடர்ந்து இருமிக் களைப்பதைவிட, வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய வைப்பது போல "ஹா" என்று இரண்டு மூன்று தடவை நீளமாக ஊதினால் சளி லேசாக மேலே வரும்.

பாட்டுப் படிக்கிறவர்களும் இதை என்னிடம் கேட்பதுண்டு. நீளமான சங்கதிக்கு மூச்சை நிரப்பியதும் நுரையீரல் காற்றை வேகமாகத் தள்ளப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி விடுவது, மூச்சை எடுத்த அதே வெளிப் பழுவிடைத் தசைகள். காற்று குறைந்துகொண்டு வரும்போதுதான் வயிற்றுத் தசை பொறுப்பெடுக்கும். நல்ல தம் உள்ள பாடகருக்கு இந்தக் கைமாற்றம் வெளியே தெரியாது.

தொண்டையையும் விட்டுவிட முடியாது. மூச்சு எடுக்கும்போது குரல்நாண்களை விலக்கித் திறக்க ஒரே ஒரு சோடித் தசைதான் இருக்கிறது, விரல் நகத்தளவு. நாக்கை முன்னே பிடிக்கிற தசை தூக்கத்தில் தளர்ந்தால் குறட்டை. கனவு காணும் தூக்கத்தில் கழுத்துத் தசையும் பழுவிடைத் தசையும் தளர்ந்துவிடும். பிரிமென்றகடு மட்டும் ஓயாது. பகலில் கழுத்தின் உதவியோடு சமாளிக்கிற அப்பாவுக்கு அந்த நேரம் உதவி இல்லை. காலையில் எழும்பும்போது தலையிடி, பகலெல்லாம் தூங்கி விழுதல் இருந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எப்போது ஓட வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் இடையில் மூச்சுக்கு நிற்பது, உதடு நீலம் பாய்வது, பேச்சுக் குழறி மயக்கமாக இருப்பது, இவை எல்லாரும் சொல்வது. தசைக்காரியாக நான் கூடுதலாகச் சொல்வது: மூச்சை எடுக்கும்போது வயிறு வெளியே வராமல் உள்ளே போகிறதா என்று பாருங்கள். பிரிமென்றகடு களைத்துப்போய், கழுத்தின் இழுப்பில் அதுவும் மேலே உறிஞ்சப்படுகிறது என்பதற்கு அடையாளம் அது. வழக்கமாக இல்லாத அப்பாவுக்கு அது திடீரென்று வந்தால் மருந்துப் பம்ப் (இன்ஹேலர்) அடித்துப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும் வரை அதே மேசையில், இரண்டு தலையணை அடுக்கி, அதன்மேல் கைகளையும் தலையையும் சாய்த்து வைத்திருங்கள்.

மற்றபடி சாதாரண நாட்களில் ஒரு வேலை இருக்கிறது, அதை மகனிடம் கொடுங்கள். அம்மப்பா படியேறி வந்து மேசையில் சாயும்போது பக்கத்தில் இருந்து, ஒரு முழு நிமிடத்துக்கு மூச்சை எண்ணட்டும். கழுத்துக் கயிறு அடங்க எத்தனை நிமிடம் எடுக்கிறது என்றும் பார்க்கட்டும். திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.